ஒற்றைத் திரைத் தியேட்டருக்குப் படம் புக் பண்ணுவது: திருகோணமலைக்கு ஒரு செய்முறை

ஒரே ஒரு திரை உள்ள தியேட்டரிடம் விற்பதற்கு இருக்கும் சரக்கு வாரத்துக்கு 28 காட்சி. நாளுக்கு நான்கு, ஏழு நாள். அந்த 28ஐ யாருக்கு, எத்தனை நாளைக்கு, எந்தக் கணக்கில் விடுகிறோம் என்று முடிவெடுப்பதுதான் படம் புக் பண்ணுவது. பெரிய நடிகரின் படம் முதல் மூன்று நாள் யார் போட்டாலும் ஓடும். சிறு தியேட்டர் கையைச் சுட்டுக்கொள்வது இரண்டாம் வாரத்தில். கொழும்பில் பல திரை வைத்திருப்பவர் விழுந்த படத்தைச் சின்ன ஹோலுக்கு மாற்றிவிட்டு அடுத்ததைப் பெரிய ஹோலில் போடுவார். இங்கே 150 இருக்கை வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. விழுந்த படம் முழுக் கடையையும் அடைத்துக்கொண்டு நிற்கும். ஆகவே விநியோகஸ்தரோடு பேச்சைத் தொடங்கும்போதே இரண்டாம் வாரத்தைப் பற்றிப் பேசிவிட வேண்டும். கீழே வரும் எல்லாமே அதை மனதில் வைத்துச் சொல்பவைதான்.

முதலில் கலண்டர்

படப் பட்டியலைத் தொடுமுன் ஊரின் கலண்டரை மேசையில் விரியுங்கள். தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி மூன்றும் எல்லாருக்கும் தெரிந்தவை. அந்த வாரங்களில் சென்னையிலிருந்து இரண்டு மூன்று பெரிய படங்கள் ஒரே நாளில் இறங்கும், விநியோகஸ்தர் கையும் ஓங்கும். அவற்றை விடச் சிறு தியேட்டருக்கு முக்கியமானவை திருகோணமலைக்கே உரிய நாட்கள்.

நவராத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இரவுகளில் வீதிவலம் வரும் கும்பங்களைப் பார்க்க ஊர் முழுவதும் தெருவில் நிற்கும். ஒன்பதரைக் காட்சிக்கு என்ன படம் போட்டாலும் கதிரைதான் பார்க்கும். அந்த இரவுகளில் மூன்று காட்சியோடு நிறுத்திக்கொள்வதாக விநியோகஸ்தரிடம் முன்கூட்டியே சொல்லி எழுதிவிட்டால் கரண்டும் சம்பளமும் மிச்சம். சிவராத்திரியும் அப்படியே, கோணேசர் கோயிலுக்கு ஏறும் சனம் விடியும்வரை கோட்டை வாசலில்தான்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து ரசிகர்கள் இங்கே சின்னத் தொகை இல்லை. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகு அங்கிருந்து படம் பார்க்க வருவது எளிதாகிவிட்டது. ஆனால் நோன்பு மாதத்தில் அந்த வருகை அப்படியே நின்றுவிடும். பெருநாள் அன்று பின்னேரம் ஒரேயடியாகத் திரும்பும். பிறை நாட்காட்டி ஒவ்வொரு வருடமும் 10, 11 நாள் முன்னே நகர்வதால் போன வருடக் கலண்டரைப் பார்த்துக் குறிக்காதீர்கள். வெள்ளிக்கிழமை மதியக் காட்சியை ஜும்ஆ முடிந்து, சாப்பிட்டு, வந்து சேர நேரம் விட்டு இரண்டரைக்கு வையுங்கள். பன்னிரண்டரைக்கு வைத்தால் அந்தக் கூட்டம் படத்துக்கு வராது, வேறு நாளைக்கும் தள்ளிப்போடாது; போனது போனதுதான்.

நவம்பர், டிசம்பர் வடகீழ்ப் பருவமழைக் காலம். மழை பிடித்தால் மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் வீட்டை விட்டு இறங்க மாட்டார்கள். தீபாவளிப் படத்தின் இரண்டாம் வாரம் பெரும்பாலும் இந்த மழைக்குள்தான் விழும். அந்த ஒரு காரணத்துக்காகவே தீபாவளிக்கு இரண்டு வார உத்தரவாதம் கொடுக்கக் கூடாது. மே முதல் செப்டம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெளிநாட்டவர் இருப்பார்கள். ஆங்கில சப்டைட்டிலோடு ஒரு தமிழ்ப் படத்தை வாரத்தில் இரண்டு மாலைக் காட்சி போட்டு, விடுதிகளில் ஒரு தாளை ஒட்டினால் கொஞ்சம் வரும். அதை நம்பிக் கணக்குப் போடவேண்டாம், மேல்வரவாக எடுங்கள்.

உயர்தர, சாதாரண தரப் பரீட்சைக் காலங்களைத் திகதி அறிவித்தவுடன் குறியுங்கள். பரீட்சை முடியும் நாள், தொடங்கும் நாளை விடப் பெரிது: கடைசித் தாள் எழுதிய பின்னேரம் பொடியன்கள் நேரே தியேட்டருக்குத்தான் வருவார்கள். அன்றைக்குத் திரையில் சண்டைப் படம் இருக்கட்டும், குடும்பக் கதை வேண்டாம். வெசாக், போயா நாட்களில் காட்சி நடத்துவது பற்றிய அறிவிப்பை உள்ளூராட்சி சபையில் கேட்டு உறுதிப்படுத்திவிட்டு, அந்த நாட்களை உடன்படிக்கையில் காட்சி இல்லாத நாட்களாகக் காட்டுங்கள்.

யாரிடம் கேட்பது

1970களின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ முப்பது வருடம் இலங்கையில் படம் இறக்குவதும் விநியோகிப்பதும் அரச கூட்டுத்தாபனத்தின் ஏகபோகமாக இருந்தது. 1971ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த அமைப்பு அது. இன்று தனியார் விநியோகஸ்தர்கள்தான் படம் தருகிறார்கள். தியேட்டர் பதிவு, உரிமம் தொடர்பான அலுவல்களுக்குத் தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனத்துக்குப் போக வேண்டும். பதிவுக் கடிதத்தின் பிரதி இல்லாமல் விநியோகஸ்தருக்கு எழுதினால் பதில் வராது.

சென்னையில் தயாரிப்பாளர் வெளிநாட்டு உரிமையை விற்கும்போது இலங்கை அதற்குள் ஒரு துண்டு. அந்தத் துண்டை வாங்கிய கொழும்பு அல்லது யாழ்ப்பாண விநியோகஸ்தரே உங்களுக்குப் படம் தரக்கூடியவர். சென்னைக்கு நேரே எழுதிப் பயனில்லை. ஒரு படத்தின் உரிமை யாரிடம் என்று தெரிய, அந்தப் படத்தின் இலங்கைப் போஸ்டரின் கீழ்வரியைப் பாருங்கள். சிங்களப் படம், ஹிந்திப் படம், ஹொலிவூட் படம் மூன்றுக்கும் ஆட்கள் வேறு. மூவின மக்களும் வாழும் ஊரில் தமிழ் விநியோகஸ்தர் ஒருவரோடு மட்டும் உறவு வைத்திருப்பது தானாகவே கையைக் கட்டிக்கொள்வது. வாரத்தில் ஒரு நாள் ஒரு காட்சியாவது சிங்களப் படத்துக்கு விட்டுப் பாருங்கள். கந்தளாய்ப் பக்கத்துக் குடும்பங்களும் வரக்கூடும்.

முதல் தொடர்பில் அனுப்ப வேண்டியது ஒரு பக்கத் தாள். அதில் இவை இருந்தால் போதும்: இருக்கைத் தொகை (பால்கனி, கீழ்த்தள ஓ.டி.சி. தனித்தனியாக), டிக்கெட் விலை, நாளாந்தக் காட்சி நேரம், புரொஜெக்டரும் சர்வரும் (படக் கோப்பை வைத்து ஓட்டும் கணினி) எந்தக் கம்பனி, எந்த மொடல், சர்வரின் தொடர் இலக்கம், ஒலி 5.1ஆ 7.1ஆ, கடைசி மூன்று மாத வசூல். வசூலைக் கூட்டிச் சொல்லாதீர்கள். விநியோகஸ்தர்கள் ஒருவரோடொருவர் கதைப்பவர்கள். கூட்டிச் சொன்ன தொகையை வைத்தே அடுத்த படத்துக்கு எம்.ஜி. (குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை) கேட்பார்கள்.

சர்வர் பற்றி ஒரு எச்சரிக்கை. டி.சி.ஐ. என்ற, ஹொலிவூட் ஸ்டூடியோக்கள் வகுத்த டிஜிட்டல் சினிமாத் தரத்துக்கு உட்பட்ட சர்வர் இருந்தால்தான் ஹொலிவூட் படம் கிடைக்கும். அதற்குக் குறைந்த தரத்தில் இந்தியப் படங்களை ஓட்டும் சர்வர்களும் உண்டு. பழைய சர்வரை மலிவாக வாங்குமுன் யாருடைய படம் போடப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்.

கணக்கு

நடைமுறையில் மூன்று விதம். பங்கு: வரி போக மிஞ்சும் வசூலில் விநியோகஸ்தருக்கு இவ்வளவு வீதம். எம்.ஜி.: இவ்வளவு ரூபா உத்தரவாதம், வசூல் வந்தாலும் வராவிட்டாலும். அட்வான்ஸ்: முன்பணம் கொடுத்து, பங்கிலிருந்து கழித்து, மிச்சம் இருந்தால் திருப்பி வாங்குவது. மூன்றாவதைச் சிலர் எம்.ஜி. என்றே வாயில் சொல்லுவார்கள். திருப்பி வருமா வராதா என்ற ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அந்தப் பதிலில்தான்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். இருக்கை 150, வாரத்துக்கு 28 காட்சி: மொத்தம் 4,200 டிக்கெட். டிக்கெட் 600 ரூபா, வரி டிக்கெட் விலையில் 10 வீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிக்கெட்டில் 540 ரூபா நிகரம். கரண்ட், சம்பளம், வாடகை, விளக்குத் தேய்மானம் எல்லாம் சேர்த்து வாரச் செலவு 250,000 என்று எடுப்போம்.

முதல் வாரம் 35 வீத இருக்கை நிரம்பினால் 1,470 டிக்கெட். நிகரம் 793,800. பாதிக்குப் பாதி பங்கு என்றால் தியேட்டருக்கு 396,900. செலவு போக 146,900 மிச்சம். இரண்டாம் வாரம் 18 வீதமாக விழுந்தால் 756 டிக்கெட், நிகரம் 408,240. விநியோகஸ்தர் பங்கை 40 வீதமாக இறக்கினாலும் தியேட்டருக்கு 244,944தான். 5,056 ரூபா நட்டம். பங்கு 50 வீதத்திலேயே நின்றிருந்தால் நட்டம் 45,880. பங்கு வாரா வாரம் இறங்க வேண்டும் என்று ஏன் பிடிவாதமாக நிற்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு வரிக் கணக்குப் போதும்.

அதே படத்துக்கு முதல் வாரம் ஐந்து லட்சம் எம்.ஜி. கேட்டால்? பாதிப் பங்கில் ஐந்து லட்சம் வர நிகரம் பத்து லட்சம் வேண்டும். 540ஆல் வகுத்தால் 1,852 டிக்கெட். 44 வீத இருக்கை. அந்த அளவுக்கு மேல் நிரம்பும் என்று உறுதியாகத் தெரிந்தால் எம்.ஜி. பரவாயில்லை. அதற்குக் கீழே விழும் ஒவ்வொரு டிக்கெட்டும் உங்கள் பையிலிருந்து போகும். எங்கள் கணிப்பு இது: 200 இருக்கைக்குக் குறைந்த தியேட்டர், வருடத்தில் இரண்டு மூன்று படத்துக்கு மேல் எம்.ஜி.யில் எடுக்கக் கூடாது. கன்டீன் வருமானத்தைக் காட்டி எம்.ஜி.க்குச் சம்மதிப்பதும் பிழை. வெறும் ஹோலில் வடையும் சோடாவும் விற்காது.

உங்கள் சொந்த எண்களைப் போட்டு இந்தக் கணக்கைச் செய்து, எத்தனை டிக்கெட்டில் வாரம் தப்பும் என்ற ஒற்றை எண்ணைப் புக்கிங் மேசைக்கு மேலே ஒட்டி வையுங்கள்.

எழுத்தில் வாங்க வேண்டியவை

போனில் பேசியது பேச்சு. வட்ஸ்அப்பில் வந்தாலும் பரவாயில்லை, எழுத்தில் வரட்டும். படத்தின் பெயர், எந்த மொழி, சப்டைட்டில் உண்டா, முதல் நாள், கடைசி நாள், நாளாந்தக் காட்சி எண்ணிக்கை, வார வாரம் பங்கு வீதம், பணம் கட்டும் நாள், போஸ்டர் செலவு யாருடையது. இவற்றோடு சிறு தியேட்டர் மறக்காமல் கேட்க வேண்டிய நான்கு உண்டு.

முதலாவது, இறக்கும் எல்லை. வெள்ளி முதல் ஞாயிறு வரை மொத்த வசூல் இன்ன தொகைக்குக் குறைந்தால் திங்கள் முதல் காட்சிகளை இரண்டாகக் குறைக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று எழுதுங்கள். இரண்டாம் வாரத்துக்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி இதுதான். முழு வாரத்துக்கும் நான்கு காட்சி என்று பிடிவாதம் செய்யும் விநியோகஸ்தரும் இதற்கு இணங்குவார், ஏனென்றால் நன்றாக ஓடினால் அவருக்கு இழப்பில்லை.

இரண்டாவது, தணிக்கை. இந்தியாவில் சான்றிதழ் பெற்ற படத்துக்கும் இலங்கையில் தனியாகச் சான்றிதழ் வேண்டும். வெள்ளிக்கிழமைப் படத்துக்கு வியாழன் மாலைதான் சான்றிதழ் கைக்கு வரும் சந்தர்ப்பங்கள் உண்டு. சான்றிதழ் தாமதித்து விழும் காட்சிகளுக்குத் தியேட்டர் பொறுப்பில்லை என்று ஒரு வரி வேண்டும். சான்றிதழின் பிரதி இல்லாமல் முதல் காட்சியைத் தொடங்காதீர்கள். வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று இருந்தால் வாசலில் நிற்பவருக்கு அதை அன்று காலையிலேயே சொல்லி வையுங்கள். குடும்பத்தோடு வந்து டிக்கெட்டும் எடுத்த பிறகு பிள்ளையைத் திருப்பி அனுப்புவது பெரிய மனக்கசப்பு.

மூன்றாவது, மின்தடை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் நின்ற நாடு இது. ஜெனரேட்டரில் ஓடும் காட்சியில் டீசல் செலவைப் பங்குக்கு முன் கழிக்கலாமா என்று பேசி வையுங்கள்.

நான்காவது, ஓ.டி.டி. நாள். இப்போது தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நான்கு வாரத்தில் ஓ.டி.டி.க்கு வந்துவிடுகின்றன. முதல் வாரத்தில் படம் கிடைக்காமல் ஷிஃப்டிங்கில், அதாவது வேறு தியேட்டரில் ஓடிய பிறகு, மூன்றாம் வாரம் எடுப்பதாக இருந்தால், ஓ.டி.டி. திகதியைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். நாளைக்கு வீட்டில் வரும் படத்துக்கு இன்று யார் 600 ரூபா கொடுப்பார்கள்? மூன்றாம் வாரத்தில் எடுக்கும் படத்தைத் தினமும் ஒரு காட்சி, பங்கில் மட்டும், முன்பணம் இல்லாமல் எடுங்கள்.

இதோடு, கையில் எப்போதும் இரண்டு மாற்றுப் படங்களுக்குச் சம்மதம் வாங்கி வைத்திருங்கள். 2018இல் டிஜிட்டல் நிறுவனங்களின் கட்டணத்தை எதிர்த்துத் தமிழ்த் தயாரிப்பாளர்கள் மார்ச் 1 முதல் புதுப்படங்களை நிறுத்தியபோது ஏறத்தாழ ஒன்றரை மாதம் புதிய தமிழ்ப் படமே இல்லை. சிங்களப் படம், டப்பிங் படம், மறுவெளியீடு என்று வேறு வழி வைத்திருந்தவர்களுக்குத்தான் அப்படிப்பட்ட காலத்தில் கதவைத் திறந்து வைக்க முடியும்.

டிஸ்க்கும் சாவியும்

பணப் பேச்சு நன்றாக முடிந்தும் முதல் காட்சி நிற்பது இங்கேதான். நிதானமாகப் படியுங்கள்.

படம் டி.சி.பி. என்ற கோப்புக் கட்டாக வரும். ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பஸ்ஸிலோ கூரியரிலோ வரலாம், இணையத்தில் இறக்கவும் சொல்லலாம். டி.சி.ஐ. தரத்தில் உச்ச அளவு வினாடிக்கு 250 மெகாபிட். அந்த உச்சத்திலேயே ஓடினால் இரண்டரை மணிப் படம் 280 ஜிகாபைட்டைத் தாண்டும். வழக்கமாக வருவது அதிலும் குறைவு. 200 ஜிகாபைட் படத்தை 50 எம்.பி.பி.எஸ். இணைப்பில் இறக்க, ஒரு நிமிடமும் விழாமல் ஓடினால், ஒன்பது மணி நேரம். பழைய யூ.எஸ்.பி. 2 வழியாக டிஸ்க்கிலிருந்து சர்வருக்கு ஏற்ற, வினாடிக்கு 30 மெகாபைட் என்று பார்த்தால் ஒரு மணி 50 நிமிடம்; அதன் பிறகு சர்வர் கோப்பைச் சரிபார்க்க இன்னும் கொஞ்சம். கொழும்பு இரவுப் பஸ்ஸில் வெள்ளி விடிய வரும் டிஸ்க்கை நம்பிப் பத்தரைக் காட்சிக்கு டிக்கெட் விற்பது சூதாட்டம். புதன்கிழமை டிஸ்க் கையில் இருக்க வேண்டும்.

வந்த டிஸ்க்கை விண்டோஸ் கணினியில் செருகாதீர்கள். டி.சி.பி. டிஸ்க்குகள் பெரும்பாலும் லினக்ஸ் கோப்பு முறையில் இருக்கும். விண்டோஸுக்கு அது புரியாது, ஃபோமட் செய்யவா என்று கேட்கும். ஒரு அவசரக் கை ஆம் என்று அழுத்தினால் படம் போனது.

கோப்பின் பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். எஃப்.டி.ஆர். என்றால் முழுப்படம், டி.எல்.ஆர். என்றால் ட்ரெய்லர். அடுத்து எஃப் என்றால் பிளாட், எஸ் என்றால் அதை விட அகலமான ஸ்கோப். லென்ஸும் மாஸ்க்கும் (திரையின் ஓரத்தை மறைக்கும் கறுப்புத் துணி) அதற்கேற்பத் தெரிவாக வேண்டும், இல்லாவிட்டால் தலை வெட்டுப்படும். மொழிக் குறிக்குப் பின்னால் எக்ஸ்.எக்ஸ். என்றால் சப்டைட்டில் இல்லை, இ.என். என்றால் ஆங்கில சப்டைட்டில். ஓ.வி. என்றால் முழுமையான மூலம். வி.எஃப். என்றால் மேலே போர்த்தும் துண்டு மட்டும், ஓ.வி.யையும் ஏற்றாமல் அது ஓடாது. இரண்டு கோப்பு அனுப்புவதாகச் சொல்லி ஒன்று மட்டும் வந்திருக்கிறதா என்று பார்க்கும் இடம் இதுதான்.

அடுத்தது சாவி, கே.டி.எம். படத்தைத் திறக்கும் சின்ன எக்ஸ்.எம்.எல். கோப்பு, மின்னஞ்சலில் வரும். அது ஒரு குறிப்பிட்ட சர்வருக்கு, ஒரு குறிப்பிட்ட பதிப்புக்கு, ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே வேலை செய்யும். மூன்றில் ஒன்று பிழைத்தாலும் திரை இருட்டு.

வந்தவுடன் அந்தக் கோப்பை நோட்பேட்டில் திறவுங்கள், மாற்றாமல் பாருங்கள். உள்ளே கன்டன்ட் கீஸ் நாட் வேலிட் பிஃபோர் என்று ஒரு வரி, ஆஃப்டர் என்று இன்னொரு வரி. அவற்றில் திகதி, நேரம், கடைசியில் கூட்டல் குறியோடு நேர வித்தியாசம் இருக்கும். 05:30 என்று முடிந்தால் அது எங்கள் நேரம். 00:00 என்று முடிந்தால் அது கிரீன்விச் நேரம். ஐந்தரை மணி கூட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை 00:00:00 முதல் என்று கிரீன்விச் கணக்கில் எழுதிய சாவி, திருகோணமலையில் காலை ஐந்தரைக்குத்தான் திறக்கும். ரசிகர் காட்சி ஐந்து மணிக்கு என்று போட்டு, பட்டாசும் கட்டவுட்டுமாக வாசலில் இருநூறு பேர் நிற்கும்போது இதைக் கண்டுபிடித்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. முடியும் நேரத்திலும் இதே கவனம் வேண்டும். வியாழன் இரவு 11:59க்கு முடியும் சாவியோடு ஒன்பதரைக்குத் தொடங்கிய மூன்று மணிப் படம், நேரத்துக்குள் தொடங்கியதால் டி.சி.ஐ. சர்வரில் தொடர்ந்து ஓடும்; ஆனால் நள்ளிரவுக்குப் பிறகு இடையில் நின்றுபோனால் மறுபடி தொடங்காது. கடைசிக் காட்சி முடிந்து ஆறு மணி நேரமாவது தள்ளி முடியும் சாவி கேளுங்கள்.

சாவி வந்தும் சர்வர் ஏற்கவில்லையென்றால் பார்க்க வேண்டிய வரிசை இது. சாவியில் உள்ள சர்வர் இலக்கமும் உங்கள் சர்வரின் இலக்கமும் ஒன்றா? மீடியா பிளாக்கை (பூட்டிய படத்தைத் திறந்து ஓட்டும் பாகம்) எப்போதாவது மாற்றியிருந்தால், அதை அடையாளம் காட்டும் பழைய சான்று செல்லாது. புதிய சான்றுக் கோப்பை எடுத்து விநியோகஸ்தருக்கு அனுப்பியிருக்க வேண்டும். அடுத்து, சாவி எந்தப் பதிப்புக்கு? சப்டைட்டில் உள்ள பதிப்புக்கு வந்த சாவி சப்டைட்டில் இல்லாததைத் திறக்காது. தணிக்கையில் ஒரு காட்சி வெட்டிப் புதுப் பதிப்பு அனுப்பினால் பழைய சாவியும் செல்லாது, இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். கடைசியாக, சர்வரின் கடிகாரம். பாதுகாப்புக் கடிகாரத்தைத் தியேட்டர் நினைத்தபடி திருப்ப முடியாது. வருடத்துக்கு ஆறு நிமிடம்தான் சரிசெய்ய விதி இடம் தருகிறது. மாதத்தில் ஒருநாள் கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டு, விலகலை ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

மீடியா பிளாக்கின் பட்டரியைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. அந்தப் பட்டரி முழுதாக இறந்தால் உள்ளே இருக்கும் சான்றும் அழிந்துவிடும். பிறகு அந்தப் பெட்டிக்கு எந்தச் சாவியும் பொருந்தாது, கம்பனிக்கு அனுப்பத்தான் வேண்டும். தியேட்டரை இரண்டு மூன்று மாதம் மூடி வைக்கும் காலத்திலும் சர்வரை இடைக்கிடை இயக்கி, பட்டரி எச்சரிக்கை வந்தவுடன் மாற்றுங்கள்.

வியாழன் பின்னேரம், சாவி திறந்திருந்தால், முதல் ஐந்து நிமிடம், இடைவேளைக்கு முன்னும் பின்னும் ஐந்து ஐந்து நிமிடம், கடைசி ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். இடைவேளை எந்த நிமிடத்தில் வருகிறது என்று குறித்துக் கன்டீனுக்குச் சொல்லுங்கள். சாவி வெள்ளி காலைதான் திறக்கும் என்றால், விநியோகஸ்தரிடம் ஒருநாள் முன்னே திறக்கும் சாவி தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் இல்லையென்றால் முதல் காட்சிக்கு ஒன்றரை மணி முன்பே ஆள் அறைக்குள் இருக்கட்டும். சாவி வழங்கும் இடத்தின் இரவு நேரத் தொலைபேசி இலக்கத்தை ஒப்பரேட்டர் அறைச் சுவரில் எழுதி வையுங்கள். முதலாளியின் கைபேசிக்குள் மட்டும் இருந்தால் அவர் தூங்கும்போது அது யாருக்கும் உதவாது.

டி.சி.ஆர்.

டி.சி.ஆர். என்ற நாளாந்த வசூல் அறிக்கை நேரத்துக்குப் போகும் தியேட்டருக்கு அடுத்த படம் எளிதாகக் கிடைக்கும். விநியோகஸ்தரின் ஆள் வாசலில் நின்றாலும் நிற்காவிட்டாலும், இரவுக் காட்சி தொடங்கி அரை மணிக்குள் அனுப்பிவிடுங்கள்.

டிக்கெட் இலக்கத்தை வகுப்பு வகுப்பாக, காட்சி காட்சியாக எழுத வேண்டும். ஓ.டி.சி. மதியக் காட்சி: தொடக்கம் 04151, முடிவு 04238. விற்றது 88. இங்கே இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப வரும். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து 87 என்று எழுதுவது ஒன்று; இரு எண்களும் விற்றவை என்பதால் ஒன்றைக் கூட்ட வேண்டும். அடுத்த காட்சிக்குத் தொடங்கும் 04239ஐ முடிவு எண்ணாக எழுதுவது மற்றது. அப்போது விற்காத ஒரு டிக்கெட்டுக்குப் பங்கு கட்டுவீர்கள். கிழிந்தவை, திருப்பிக் கொடுத்தவை, இலவசமாக விட்டவை மூன்றையும் இலக்கத்தோடு தனி வரியில் காட்டுங்கள். பொலிஸுக்கும் சபைக்கும் தெரிந்தவர்களுக்கும் சும்மா விட்ட கதிரைகள் கணக்கில் வராமல் போனால், ஹோலில் தலை எண்ணுகிற விநியோகஸ்தரின் ஆள் உங்களைக் கள்ளன் என்று நினைப்பார். களியாட்ட வரியை உள்ளூராட்சி சபைக்குக் கட்டிய பற்றுச்சீட்டையும் வாரக் கணக்கோடு இணைத்து அனுப்புங்கள். பங்கு வரிக்கு முன்னா பின்னா என்ற சண்டைக்கு இடமிருக்காது.

உள்ளூர்ப் படங்கள்

கிழக்கிலும் வடக்கிலும் எடுக்கப்படும் தமிழ்ப் படங்களுக்கு ஒரு திரை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவற்றை எடுப்பவர்களைக் கேட்டால் தெரியும். அதற்கு வழி செய்யக்கூடிய இடம் சிறு தியேட்டர்தான். செவ்வாய், புதன் மாலைக் காட்சிகளை மாதத்தில் இரண்டு வாரம் ஒதுக்கினால் அந்த வாரத்தின் 28இல் இரண்டுதான். பெரிய விநியோகஸ்தரும் அதற்கு மறுப்புச் சொல்வதில்லை, உடன்படிக்கையில் முன்பே காட்டியிருந்தால். இப்படிப்பட்ட காட்சிக்கு எம்.ஜி. பேச்சே வேண்டாம். கரண்டுக்கும் சம்பளத்துக்கும் ஒரு தொகை கழித்து, மிச்சத்தைப் பாதி பாதியாகப் பிரியுங்கள். நடித்தவர்களின் ஊரிலிருந்து ஒரு பஸ் பிடித்துச் சனம் வருவது இந்தப் படங்களுக்கு மட்டுமே நடக்கும். அந்தக் காட்சியை ஐந்து மணிக்கு வையுங்கள், கடைசிப் பஸ்ஸுக்கு முன் முடியட்டும்.

தணிக்கைச் சான்றிதழ் இவற்றுக்கும் வேண்டும். உரிமையாளரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி டி.வி.டி. வாங்கியதோ ஓ.டி.டி. சந்தா கட்டியதோ தியேட்டரில் காட்டும் உரிமையைத் தராது. பழைய படத்தை மறுவெளியீடு செய்யும்போதும் இதே விதிதான்.

கோப்பு பெரும்பாலும் எம்.பி.4 ஆக வரும். டி.சி.பி.-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் அதை டி.சி.பி. ஆக்கலாம், பூட்டுப் போடாமல் செய்தால் சாவியும் தேவையில்லை. படம் வினாடிக்கு 25 ஃபிரேமில் எடுக்கப்பட்டிருந்தால் பழைய சர்வர் சில ஏற்காது. 24க்கு மாற்றும்போது நூறு நிமிடப் படம் நான்கு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக நீளும், சுருதி சரிசெய்யாவிட்டால் குரலும் கொஞ்சம் தடிக்கும். ஆகவே இயக்குநர் முன்னிலையில் ஒரு தடவை முழுதாக ஓட்டிப் பாருங்கள். ஒலி ஸ்டீரியோவாக மட்டும் இருந்தால் வசனம் நடு ஸ்பீக்கரில் வராது. பக்கவாட்டு வரிசையில் இருப்பவருக்குக் குரல் ஒரு பக்கத்தில் மட்டும் கேட்கும். மென்பொருளிலேயே நடு ஒலியைப் பிரித்தெடுக்கும் வசதி உண்டு, அதைப் போட்டு மறுபடி செய்து, ஹோலில் இரண்டு ஓரத்திலும் உட்கார்ந்து கேட்டுவிட்டுத் திகதியை அறிவியுங்கள்.